தீகாவில் ஒரு திங்கள்

கொல்கத்தாவில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில், குடும்பத் தலைவர் பணி ஓய்வு பெறும் காலம் நெருங்குகையில் ‘இனி எங்கே இருப்பது?’ என்னும் கேள்வி எழாத இல்லம் இல்லை எனலாம். சொந்த ஊரிலுள்ள வீடு பாகப் பிரிவினையில் என்றோ கைமாறியிருக்கும். அன்றேல் பூட்டிக் கிடந்து ஓடு சரிந்திருக்கும். அங்குள்ள உறவினருக்கு நாம் ‘கல்கத்தாக்காரர்’. இங்கோ, நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த பின்னும் ‘மத்ராஜி’ என்னும் பெயர் முற்றும் நீங்கியபாடில்லை. லேக் மார்க்கெட் பக்கத்தில் வாடகை கொடுத்துக்கொண்டு ஓய்வூதியத்தில் காலந்தள்ளுவதோ எளிதன்று. இந்நிலையில்தான் பலருடைய மனத்தில் மூன்றாவது வழியொன்று தோன்றுகிறது. செலவு குறைந்த சிறு கடற்கரை ஊர் ஒன்றில் போய் இருந்துவிட்டால் என்ன?

எங்கள் மாமனாருக்கும் இவ்வெண்ணம் தோன்றியது. அவர் கரக்பூர் இரயில்வே தொழிற்சாலையில் 36 ஆண்டுகள் பிட்டராகப் பணியாற்றியவர். இப்போது வயது 68. மாமியாரும் அவரும் எங்களுடன் இரண்டறை வீடொன்றில் இருக்கின்றனர். நான்கு பேர் இருக்கத்தக்க இடத்தில் ஆறு பேர் இருக்கிறோம் என்னும் நினைவு அவரை உறுத்திக்கொண்டே இருந்தது போலும். ஒரு நாள் செய்தித்தாளில், ஓய்வு பெற்ற மேனாட்டார் பலர் கீழை நாட்டுக் கடற்கரை ஊர்களில் குடியேறி வாழ்வதைப் பற்றிப் படித்தார். தாய்லாந்தில் 50 வயது நிறைந்த அயலார், வங்கியில் எட்டு இலட்சம் பாட்டு இருப்பு வைத்தோ, மாத வருமானம் 65,000 பாட்டு எனக் காட்டியோ ஓய்வுக்கால அனுமதி பெறுகின்றனர். தம் நாட்டில் நெருக்கடியாக வாழ வேண்டியவர், அங்கே அதே பணத்தில் கடலைப் பார்த்தபடி வாழ்கின்றனர்.

“மாப்பிள்ளை, அவர்கள் கடல் கடந்து போகிறார்கள். நமக்கு அனுமதிச் சீட்டும் வேண்டாம், வங்கி இருப்பும் வேண்டாம். காலையில் ஹௌராவில் வண்டி ஏறினால் சாப்பாட்டு வேளைக்குள் தீகா வந்துவிடுகிறதே!” என்றார்.

மறுத்துரைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஒப்புக்கொள்ளவும் துணிவில்லை. முடிவாக, சென்ற பங்குனியில் ஒரு திங்கள் வாடகைக்கு வீடெடுத்து அவ்விருவரும் இருந்து பார்ப்பது, சனி ஞாயிறுகளில் நாங்கள் போய் வருவது என ஏற்பாடு செய்தோம். அந்த ஒரு திங்களில் கண்டதும் கற்றதும், இதே எண்ணத்துடன் இருக்கும் அன்பர்களுக்குப் பயன்படலாம் என்று கருதி இதனை எழுதுகின்றோம்.

ஹௌராவிலிருந்து காலையில் புறப்படும் தாம்ரலிப்தா விரைவு வண்டியில் சென்றோம். கோலாகாட்டில் ரூப்நாராயண் ஆற்றைக் கடந்ததும் நகரத்தின் நெருக்கம் விலகிவிடுகிறது. அடுத்து வரும் பெரிய ஊர் தம்லுக். இதுவே பண்டைத் தாம்ரலிப்தித் துறைமுகம் என்பர் அறிஞர். ஐந்தாம் நூற்றாண்டில் சீனப் பயணி பாஹியான் இத்துறையிலிருந்தே இலங்கைக்குக் கப்பலேறினார். இன்று அங்கே கப்பலும் இல்லை, கடலும் அருகில் இல்லை. தம்லுக்கிலிருந்து தீகா செல்லும் இருப்புப் பாதை 2004ஆம் ஆண்டில்தான் நிறைவெய்தியது. அதற்கு முன், கொல்கத்தாவிலிருந்து ஏறத்தாழ 185 கிலோமீட்டர் பயணத்தின் கடைசிப் பகுதியைச் சாலை வழியாகவே கடக்க வேண்டியிருந்தது.

இப்பாதையில் ஒரு நிலையத்தின் பெயர் ‘லவண சத்யாகிரக ஸ்மாரக்’. 1930இல் காந்தியடிகள் உப்புச் சட்டத்தை மீறியபோது, இக்காந்தி வட்டாரத்து மக்களும் கடல் நீரைக் காய்ச்சி உப்பெடுத்துச் சிறை சென்றனர். அதே ஆண்டில் இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்தது நாம் அறிந்ததே. மாமனாரின் பிறந்த ஊர் திருத்துறைப்பூண்டிக்கு அருகில் உள்ளது. வேதாரணியம் அங்கிருந்து தொலைவன்று. அவர் அப்பெயர்ப் பலகையை வண்டி நகரும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

வழி நெடுக வெற்றிலைக் கொடிக்கால்கள். நம் நாட்டில் அகத்தியைப் பற்றிப் படரும் கொடி, இங்கே நாற்புறமும் மேலும் குச்சித் தட்டிகளால் மூடிய பந்தலுக்குள் வளர்கிறது. மக்கள் இதனைப் ‘பரோஜ்’ என்பர். முந்திரித் தோப்புகளும் சவுக்குத் தோப்புகளும் தொடர்ந்து வர, காற்றில் உப்பு வாடை எட்டியது. தீகா வந்துவிட்டது.

தீகாவின் பழைய பெயர் பீர்குல். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கல்கத்தாவின் வெயிலைத் தாங்கவியலாத ஆங்கிலேயர் இக்கடற்கரைக்கு வந்தனர். தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ் தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் இதனைக் கிழக்கின் பிரைட்டன் எனப் புகழ்ந்தார் என்பர். அவர் கண்ட பீர்குல் இன்று கடலுக்குள் போய்விட்டது என்றும் கூறுவர். பிறகு நெடுங்காலம் எவரும் இவ்வூரை நினைக்கவில்லை.

இவ்வூரை மீண்டும் உலகறியச் செய்தவர் ஜான் பிராங்க் ஸ்னெய்த் என்னும் ஆங்கிலேய வணிகர். அவர் 1923இல் இங்கு வந்து குடியேறினார். அந்நாளில் இருப்புப் பாதை இல்லை; மணலும் சவுக்கும் மீனவர் குடிசைகளுமே இருந்தன. தீகாவின் அழகைப் பற்றி அவர் எழுதியவற்றால் வெளியார் இதனை அறிந்தனர். நாடு விடுதலை பெற்றபோதும் அவர் இங்கிருந்து பெயரவில்லை. மேற்கு வங்க முதலமைச்சர் டாக்டர் விதான் சந்திர ராயிடம் இவ்வூரை மக்கள் வந்து தங்கும் கடற்கரை நகரமாக்க வேண்டுமென்று எடுத்துரைத்து இசையச் செய்தார். இன்று தீகாவில் பிழைக்கும் விடுதிக்காரர், வண்டிக்காரர், சங்கு விற்போர் அனைவரும் ஒரு வகையில் அந்த அயலாருக்குக் கடன்பட்டவர்கள்.

முதல் நாள் மாலையில் இச்செய்தியை மாமனாரிடம் கூறினோம். “அவருக்குப் பணம் இருந்திருக்கும், இருந்தார்” என்று சொல்லிவிட்டுத் தம் கணக்கு நோட்டைத் திறந்தார்.

அந்நோட்டைப் பற்றிக் கூறியாக வேண்டும். ஒரு பக்கத்தில் ‘கொல்கத்தா’, எதிர்ப்பக்கத்தில் ‘தீகா’ எனத் தலைப்பிட்டு வாடகை, அரிசி, பால், காய்கறி, மின்சாரம், மருந்து என ஒவ்வொன்றையும் பைசா விடாமல் குறித்து வந்தார். தீகாவின் பக்கமே வென்றது. ஊருக்குள் சற்றுத் தள்ளி, ஒரு வங்காள அம்மையார் வீட்டின் கீழ்ப்பகுதியில் எடுத்த இரண்டறைக்கு, கொல்கத்தாவில் நாங்கள் கொடுக்கும் வாடகையில் மூன்றில் ஒரு பங்குதான். இங்குக் கிடைக்கும் புழுங்கலரிசி இட்லிக்கு நன்றாகவே இருந்தது. உளுத்தம்பருப்பைக் ‘கலாய் டால்’ என்று கேட்டு வாங்க வேண்டும். முருங்கைக்காயும் வாழைப்பூவும் கீரையும் தேங்காயும் வங்காளத்தில் எங்கும் கிடைப்பவையே. கறிவேப்பிலையும் பெருங்காயமும் மட்டும் லேக் மார்க்கெட்டிலிருந்து நாங்கள் கொண்டு போனோம். மீன் உண்போர்க்கோ இது பொன்னாடு. சம்பா ஆறு கடலில் கலக்கும் மோகனா முகத்துவாரத்தில், விடியற்காலையில் படகுகள் வந்ததும் வௌவாலும் இறாலும் இலீஷும் ஏலம் போகின்றன.

ஆயினும் மலிவு என்பதற்கும் கிழமை உண்டு என்பதை விரைவில் அறிந்தோம். செவ்வாய்க்கிழமையன்று ஒரு விலை; சனிக்கிழமையன்று வேறு விலை. கொல்கத்தாவிலிருந்து மக்கள் திரளும் நாட்களில் இளநீரும் டோட்டோ வண்டியும் ஒரே இரவில் உயர்ந்துவிடும். 2025 ஏப்ரல் 30 அன்று புதிய ஜகந்நாதர் கோயில் திறக்கப்பட்ட பின், கடலுக்காக வருவோருடன் தரிசனத்துக்காக வருவோரும் சேர்ந்துகொண்டனர். இரும்பு எதுவும் உப்புக் காற்றுக்குத் தாங்குவதில்லை. நாங்கள் கொண்டு சென்ற அரிவாள்மனை இரண்டு வாரத்தில் துருப்பிடித்துவிட்டது. பழைய தீகாவில் கடல் பெருகும் வேளையில் மணலே தென்படாது. கரையை அலை தின்றுவிடாதபடி அடுக்கிய கற்கள் மீது நீர் மோதிச் சிதறும். காலாற நடப்பதற்குப் புதிய தீகா செல்ல வேண்டும்.

நோட்டில் இவையெல்லாம் ஏறின. ஏறாதது ஒன்று இருந்தது. முதல் மூன்று வாரங்களில் மாமனார் அத்தெருவில் ஒருவர் பெயரையும் கேட்டறியவில்லை. கரக்பூரில் தமிழும் தெலுங்கும் இந்தியுமே அவருக்குப் போதுமாயிருந்தன. வங்காளி பேசப் பழகவில்லை. காலையில் கடற்கரை, பகலில் செய்தித்தாள், மாலையில் நோட்டு. “யாருடைய தொந்தரவும் இல்லை” என்று மகிழ்வுடன் கூறுவார். மாமியார் ஒன்றும் கூறமாட்டார்.

நான்காம் வாரம் புதன்கிழமை மாலையில் கால்பைசாகிப் புயற்காற்று வீசியது. வங்காளத்தில் இருப்போர்க்கு அதனை விளக்க வேண்டுவதில்லை. வடமேற்கில் வானம் கறுத்து, நொடியில் புழுதியும் மழையும் இடியுமாக வந்து மரங்களைச் சாய்த்துவிட்டுப் போயிற்று. தீகாவில் மின்சாரம் நின்றது. இரவு பதினொரு மணிக்கு மேல் மாமனாருக்கு மார்பு அடைத்து, உடல் முழுதும் வியர்த்துவிட்டது. எங்களுக்குச் செய்தி எட்டியபோது நள்ளிரவு கடந்திருந்தது. தொலைபேசியில் பேசியது வீட்டுக்கார அம்மையாரின் மகன். அவர் வங்காளியில் கூறியவற்றுள் ‘புகே பேதா’ என்னும் இரண்டு சொற்களே எங்கள் செவியில் நின்றன. மார்பு வலி என்பது பொருள்.

இரயில்வேயில் பணியாற்றும் எங்களுக்கு வண்டி நேரங்கள் மனப்பாடம். ஆதலால் விடியும் வரை ஒரு வண்டியும் இல்லை என்பதற்கு அட்டவணையைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. நாள்தோறும் தாள்களில் கிலோமீட்டர்களை எழுதிப் பழகிய கைதான். 185 என்பது எவ்வளவு என அன்றிரவே உணர்ந்தோம். எங்கள் மனைவி சுவரோரமாக அமர்ந்து, “அப்பாவைத் தனியே விட்டுவிட்டோமே” என்று அதனையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இடம் நெருக்கடியாக இருக்கிறதே என்று எங்கள் உள்ளமும் ஒரு மூலையில் அவ்வேற்பாட்டை விரும்பியது அன்றோ? அதனை அன்று எங்களிடமிருந்தே மறைக்க முடியவில்லை.

மறுநாள் முற்பகலில் போய்ச் சேர்ந்தோம். மாமனார் படுக்கையில் சாய்ந்து பொரிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நடந்ததை மாமியார் கூறினார். அவருக்குத் தெரிந்த வங்காளச் சொல் ஒன்றே: ‘மாஷிமா’. இருட்டில் மாடிப்படியேறி அதனைக் கூவியிருக்கிறார். அம்மையார் இறங்கி வந்தார். அவர் மகன் எதிர்வீட்டு டோட்டோக்காரரை எழுப்பினார். தெருவில் சாய்ந்து கிடந்த மரக்கிளையை, மறுநாள் விடியலில் படகேற வேண்டிய இரண்டு மீனவர்கள் வெட்டி அகற்றினர். ஊர் மருத்துவமனையில் ஊசி போட்டு, நெஞ்சின் துடிப்பைப் படமெடுத்துப் பார்த்தனர். இது மாரடைப்பன்று என்றும், இரத்த அழுத்தம் மிகுந்துவிட்டது என்றும், இதய மருத்துவரிடம் கட்டாயம் காட்ட வேண்டும் என்றும் கூறியனுப்பினர். அத்தகைய பெரிய மருத்துவத்துக்கு முப்பது கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள காந்திக்கோ, கொல்கத்தாவுக்கோதான் போக வேண்டும்.

டோட்டோக்காரருக்குக் கூலி கொடுக்க முயன்றோம். இரவில் போய்வந்த வாடகையை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தந்துவிட்டார். மரம் வெட்டிய மீனவர்கள் கடலுக்குப் போய்விட்டனர். அவர்கள் பெயர் என்ன என்று மாமனாரைக் கேட்டோம். அவர் நெடுநேரம் விடை கூறவில்லை. “தெரியாது மாப்பிள்ளை. மூன்று வாரமாக எதிரில் இருக்கிறார்கள். நான் கேட்கவே இல்லை” என்றார்.

எஞ்சிய நாட்களில் நாங்கள் விடுப்பெடுத்து உடனிருந்தோம். மூன்றாம் நாள் காலையில் மாமனாரைக் காணவில்லை. தெருமுனையில், பல மாதங்களாகப் பழுதாகிக் கிடந்த அடிகுழாயின் முன்னே அமர்ந்திருந்தார். கைப்பிடியைக் கழற்றி, தேய்ந்த தோல் வாஷரை எடுத்து வெயிலில் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் சிறுவர் கூட்டம். ஒருவன் ஸ்பேனரை எடுத்துக் கொடுக்க, மற்றொருவன் அதன் வங்காளப் பெயரை அவருக்குச் சொல்லிக்கொடுத்தான். கடைக்குப் போய் வாஷர் வாங்கி வந்தவரும் ஒரு மீனவர் வீட்டுப் பெண்ணே. பிற்பகலில் தண்ணீர் வந்தது. அன்று முதல் அச்சிறுவர்கள் அவரைத் ‘தாது’ என்று அழைத்தனர். அன்றைய செலவாக நோட்டில் வாஷரின் விலை மட்டுமே ஏறியது. எதனையும் எதனோடும் ஒப்பிடவில்லை.

அன்பர்களே, செலவு குறைந்த கடற்கரை ஊர் எனில் யாருக்குச் செலவு குறைவு? வேறிடத்தில் ஈட்டிய பணத்துடன் வருவோர்க்கே அது மலிவு. அங்கேயே பிறந்து, அங்கேயே வலை வீசி, அங்கேயே அரிசி வாங்குவோர்க்கு அது மலிவன்று. வருவோர் பெருகப் பெருக வாடகையும் விலையும் ஏறுவதையும் அவர்களே தாங்குகின்றனர். தாய்லாந்திலும் இதுவே, தீகாவிலும் இதுவே. நாமும் கொல்கத்தாவில் அயலாராக வந்து பிழைத்தவர்கள். அயலாரின் கடமை இன்னதென்று நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் ஓய்வூதியமும் கடற்காற்றும் சேர்ந்தால் அது மறந்துவிடுகிறது. ஸ்னெய்த் துரையைத் தீகா நினைவில் வைத்திருப்பது அவர் சிக்கனமாக வாழ்ந்தமைக்காக அன்று. இவ்வூருக்காகக் கடிதம் எழுதினார், முதலமைச்சரின் கதவைத் தட்டினார் என்பதற்காகவே. நம்மால் அவ்வளவு இயலாது. ஓர் அடிகுழாய் இயலும்.

கடலைப் பற்றியும் ஒரு சொல். தனுஷ்கோடியை நாம் மறந்திருக்க மாட்டோம். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் எழுந்த கடல், இருப்புப் பாதையையும் ஊரையும் பயணிகளுடன் ஒரு வண்டியையும் கொண்டுபோயிற்று. தீகா வட்டாரமும் அத்தகைய அழிவைக் கண்டதே. 1942 அக்டோபர் 16 அன்று வீசிய புயலில் காந்தி, தம்லுக் பகுதிகளில் பல்லாயிரவர் மாண்டனர். 2021 மே 26 அன்று யாஸ் புயல் ஒடிசாவில் பாலேசுவரத்துக்குத் தெற்கே கரை கடந்தபோது, தீகாவின் தெருக்களில் கடல் நீர் புகுந்தது. இக்காலத்தில் முன்னெச்சரிக்கை கிடைக்கிறது. மக்களை முன்கூட்டியே அப்புறப்படுத்துகின்றனர். ஆயினும் சித்திரை வைகாசியும், ஐப்பசி கார்த்திகையும் முதியோர் தனித்திருப்பதற்கு ஏற்ற காலங்கள் அல்ல.

ஆகவே எங்கள் வீட்டில் எடுத்த முடிவு இது. மார்கழி முதல் மாசி முடிய மாமனாரும் மாமியாரும் தீகாவில் இருப்பது. மற்றைய மாதங்களில் எங்களுடன் கொல்கத்தாவில் இருப்பது. நெருக்கடி இருக்கட்டும், அதற்காகக் கூடத்தில் ஒரு கட்டிலை அகற்றிவிட்டோம். கொல்கத்தா மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகளை மாமனார் தவறாது உட்கொள்கிறார். மாமியார் வங்காளி எழுத்துகளைப் பேத்தியிடம் கற்று வருகிறார்.

இதே எண்ணமுடைய அன்பர்களுக்குச் சில சொல்லி முடிக்கின்றோம். விடுதியில் இரண்டு நாள் தங்கி முடிவு செய்யாதீர்கள். ஒரு திங்களேனும் வாடகை வீட்டில் இருந்து பாருங்கள். கடலுக்கு எதிரே வேண்டாம். சற்று உள்ளே, மேடான தெருவில், குடும்பங்கள் வாழுமிடத்தில் வீடு பாருங்கள். மருத்துவமனைக்கு இரவில் யார் வண்டியோட்டுவார் என்பதை முதல் நாளே கேட்டறியுங்கள். அவ்வூர் மொழியில் நூறு சொற்களாவது கற்றுக்கொண்டு செல்லுங்கள். பக்கத்து வீட்டார் பெயரை முதலில் கேளுங்கள். அரிசி விலையைப் பிறகு கேட்கலாம்.

புறப்பட்ட நாளன்று பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். வீட்டுக்கார அம்மையார் மாடியிலிருந்து இறங்கி வந்து சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர் இட்லிப் பானையை மட்டும் மூட்டையிலிருந்து எடுத்துத் தம் சமையலறைப் பரண்மேல் வைத்தார். “பௌஷ் மாதம் வரப்போகிறவர்கள்தாமே, இதை ஏன் தூக்கிச் சுமக்கிறீர்கள்?” என்றார்.

பானை அங்கேதான் இருக்கிறது.